இரண்டு விரல் தொய்வு

ஒரு மனிதன் இவ்வளவு பைத்தியக்காரனாக இருக்க முடியுமா என்பதைத் தங்கப்பனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவரைவிடப் பெரிய பைத்தியங்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் என்பதும் அதே வருடத்தில்தான் தெரிந்தது.

நான் திரவியம். சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை. போல்ட், நட், கீல், சங்கிலி, கம்பி எல்லாம் கிடைக்கும். வாய் கொஞ்சம் அதிகம் என்று தெருவில் சொல்வார்கள். சொல்லட்டும். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன், கூட்டிச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

அந்தக் கூட்டத்தின் பெயர் யந்திர பைத்ருக கூட்டாய்மா. பழைய யந்திரங்களைத் துருவிலிருந்து மீட்கும் தன்னார்வலர்களாம். கரமனை ஆற்றங்கரையில் பூட்டிக் கிடந்த ஒரு காண்டிராக்டர் யார்டில், காட்டுக்கொடி மூடிய பழைய புல்டோசர் ஒன்றை இவர்கள் கண்டுபிடித்தார்கள். காண்டிராக்டர் செத்துப் பல வருடமாகிறது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதை ஓட வைத்து, எழுபது அடி தள்ளிக் கட்டியிருக்கும் சிமெண்ட் மேடைவரை ஓட்டிக்கொண்டுபோய், ஊர் பார்க்க நிறுத்திவிட வேண்டும் என்பது திட்டம்.

தலைவர் ஹரிகுமார் சார், ஓய்வுபெற்ற இன்ஜினியர். முப்பது வருடம் ரோடு போட்டதாகச் சொல்வார். ரோடு போட்டது மேசைமேல்தான். ஷைலஜா டீச்சர் கல்லூரியில் பாடம் எடுத்தவர், ஒவ்வொரு ஞாயிறும் புல்டோசரைப் பற்றி ஒரு கவிதை கொண்டுவருவார். பிரஜின் டெக்னோபார்க்கில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், தலைக்குமேல் ஒரு ட்ரோனைப் பறக்கவிட்டுக்கொண்டே இருப்பான். இன்னும் ஒரு பதினைந்து பேர். போல்ட் தேவைப்படும் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நானும் அந்த டீ-ஷர்ட்டைப் போட்டேன், வெட்கமில்லாமல்.

முதல் ஞாயிறு சின்னம் எப்படி இருக்க வேண்டும் என்று பேசினார்கள். இரண்டாவது ஞாயிறு டீ-ஷர்ட்டின் நிறம். அடுத்த மூன்று ஞாயிறும் வண்டிக்கு எந்த மஞ்சள் அடிப்பது என்ற சண்டை. எலுமிச்சை மஞ்சளா, மாம்பழ மஞ்சளா என்று படித்தவர்கள் பதினெட்டுப் பேர் முகம் சிவக்கச் சண்டை போட்டார்கள். கடைசியில் மாம்பழம் ஜெயித்தது. துருவைச் சுரண்டாமல், அழுக்கைத் துடைக்காமல் அதன்மேலேயே பெயிண்டை அப்பினார்கள். கிரீஸ் போடும் துவாரங்களுக்குக்கூட இரண்டு கோட்டிங். புகைக்குழாய்க்கும் அதே மாம்பழம். பன்னிரண்டரை மணிக்கு பிரியாணி வந்துவிடும், அதற்குமேல் ஒருவரும் ஸ்பேனரைத் தொட மாட்டார்கள்.

இந்தக் கூத்தை ஒருநாள் கடையில் வைத்துத் தங்கப்பனிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் கரமனையில் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி. அங்கத்திய கேட்டுக்குக் கீல் வாங்க வந்திருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கையிலிருந்த கீலைக் கீழே வைத்துவிட்டு, நல்ல காதை என் பக்கம் திருப்பினார்.

"அண்ணாச்சி, பிளேடுக்க எடது மூலையில ஒரு வெல்டிங் உண்டா? ஒரு சாண் நீளத்துக்கு?"

"நான் எங்க ஓய் அதெல்லாம் பாத்தேன்? பெயிண்டுதான் பாத்தேன்."

"உண்டுன்னா அது நம்ம வண்டியாக்கும்," என்றார். கீலை வாங்காமலே போய்விட்டார்.

வெல்டிங் இருந்தது. சொன்ன இடத்தில், சொன்ன நீளத்தில்.

தங்கப்பனுக்குச் சொந்த ஊர் களியக்காவிளைப் பக்கம், வீடு இன்றும் அங்கேதான். பத்தொன்பது வயதில் அந்தக் காண்டிராக்டரிடம் கிளீனராகச் சேர்ந்து, டீசல் கேன் சுமந்து, இருபத்தைந்தில் ஆப்பரேட்டர் சீட்டில் உட்கார்ந்தவர். இந்த டோசரில் மட்டும் பதினோரு வருடம். கிழக்கு மலையில் பல ரோடுகளுக்கு முதல் மண் வெட்டியது இவர்தான். ரோடு திறக்கும்போது ரிப்பன் வெட்ட வந்தவர்களுடைய போட்டோ பேப்பரில் வரும். வெட்டியவன் அடுத்த மலைக்குப் போயிருப்பான். புகைக்குழாய்ச் சத்தம் கேட்டுக் கேட்டு இடது காது போயிற்று. முட்டு இரண்டும் தேய்ந்தன. அறுபத்தெட்டு வயதில் நீல யூனிபார்ம் போட்டுக்கொண்டு, அபார்ட்மெண்டுக்குள் வரும் காருக்கெல்லாம் சல்யூட் அடிக்கிறார். இத்தனைக்கும் அந்த முகத்தில் ஒரு கசப்பு இருக்காது, அதுதான் எனக்கு எரிச்சல்.

அவர் மனைவி ராகேல் ஊரிலேயே ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் செய்கிறாள். அவளுடைய அக்கா மாப்பிள்ளை ஹெட்மாஸ்டர். சர்ச் சபையில் அவர்கள் குடும்பம் முன்வரிசையில் உட்காரும். ராகேலின் புருஷன் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "மண்ணு மாந்துற வேலை", அதாவது மண் தோண்டுகிற வேலை, என்று அந்த அக்கா சொல்வாளாம். கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு ராகேலுக்குக் காது புளித்துவிட்டது. தங்கப்பன் டோசர் ஓட்டி அவள் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. சைட் எல்லாம் மலையில், அவள் வீட்டில். ஒரு போட்டோகூடக் கிடையாது.

யார்டுக்கு வந்த முதல் ஞாயிறே தங்கப்பன் பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தார். ஷைலஜா டீச்சர் பதறிப்போனார். ஹரிகுமார் சாருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும், இந்த ஆள் இல்லாவிட்டால் இந்த இரும்பு இந்த ஜென்மத்தில் இருமக்கூடச் செய்யாது என்று. தோளில் கையைப் போட்டுக்கொண்டு, எல்லாரும் கேட்கும்படி மலையாளத்தில் சொன்னார்:

"உத்காடனத்தினு தங்கப்பன் சேட்டன் தன்னெ ஓட்டும். இது என்டெ வாக்கு."

உத்காடனம் என்றால் திறப்பு விழா. அன்றைக்கு அவரேதான் ஓட்டுவார் என்ற அந்த வாக்கைத் தங்கப்பன் வீட்டுக்குக் கொண்டுபோனார். ராகேல் அதைச் சபைக்குக் கொண்டுபோனாள். என் புருஷன் ஓட்டப்போறாவ, பேப்பர்காரங்க வருவாங்க, நான் முன்னாடி உட்காந்து பாப்பேன் என்று அக்காவிடமும் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், அதன்பிறகு அந்த மனிதனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஐந்து மாதம். நைட் டூட்டி முடிந்த காலைகளில் எல்லாம் தனியாக யார்டுக்குப் போய்விடுவார். பம்ப்பைக் கழற்றி டீசலில் ஊறவைத்தார். ஏர் கிளீனருக்குள்ளிருந்து ஒரு அணில் கூட்டை எடுத்தார். பெயிண்ட் அடைத்த கிரீஸ் துவாரங்களை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். இன்ஜின் முதல்முறை பிடித்தபோது புகைக்குழாயில் இருந்த மாம்பழ மஞ்சள் பற்றிக்கொண்டு நாறியது. எல்லாரும் கைதட்டினார்கள். தங்கப்பன் கைதட்டவில்லை, இன்ஜின் மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். காது போனவர், கையால்தான் கேட்பார். அன்று மாலையே 'நாம் சாதித்தோம்' என்று ஹரிகுமார் சார் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினார். தங்கப்பன் அந்தக் குரூப்பில் இல்லை, அவரிடம் இருந்தது பட்டன் போன்.

விழாவுக்கு முந்தைய சனிக்கிழமைதான் எல்லாம் கெட்டது.

டோசருக்கு டயர் கிடையாது, இரண்டு பக்கமும் இரும்புச் செயின்தான் உருளும். அந்தச் செயின் மேல்பக்கத்தில் சற்றுத் தொங்க வேண்டும். ஒரு கட்டையை நேராக வைத்துப் பார்த்தால் நடுவில் இரண்டு விரல் தொய்வு இருக்க வேண்டும். தங்கப்பன் அதை விரலை வைத்தே அளந்து விட்டிருந்தார். பிரஜின் எடுத்த போட்டோவில் அந்தத் தொய்வு தெரிந்தது. பார்க்க வயதான ஆளின் பெல்ட் மாதிரி இருக்கிறது என்றான் அவன். சின்னத்தில் செயின் நேர்கோடாக இருக்கிறதே, வண்டியில் மட்டும் ஏன் இப்படி என்று ஷைலஜா டீச்சர் கேட்டார். உடனே ஹரிகுமார் சார் கிரீஸ் கன்னை எடுத்தார். முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு துவாரம் உண்டு, அதில் கிரீஸ் அடித்தால் சக்கரம் முன்னே தள்ளிச் செயின் இறுகும். அடித்தார், அடித்தார், இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு மாதிரி விறைக்கும்வரை அடித்தார்.

தங்கப்பன் ஓடி வந்தார்.

"சாரே, வேண்டாம் சாரே. செயினுக்கு வயிறு வேணும். மண்ணுல உருளும்போ கல்லு கேறும், மண்ணு கேறும். எடமில்லைன்னா செயினைக் கோத்த பின்னு முறியும். பழைய பின்னு சாரே."

"லூஸ் ஆயா செயின் ஊரிப்போவில்லே, சேட்டா?" என்று, தொங்கினால் செயின் கழன்றுவிடாதா என்கிற அர்த்தத்தில், சிரித்தார் ஹரிகுமார் சார். மற்றவர்களும் சிரித்தார்கள். சைக்கிள் செயினையே மாட்டத் தெரியாத கூட்டம்.

அதோடு விட்டாரா? தங்கப்பனைத் தனியே கூட்டிக்கொண்டுபோய், லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதாம், காது வேறு கேட்கவில்லையாம், பெரிய மனிதர்கள் வரும் இடத்தில் பாதுகாப்பு முக்கியமாம், அதனால் நாளைக்குத் தானே ஓட்டப்போவதாகவும், செயினை இனி தொட வேண்டாமென்றும் சொன்னார். சீட்டில் ஏறி லிவரைப் பிடிக்க இரண்டு ஞாயிறு அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே தங்கப்பன்தான். சும்மா ஆசைக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், மடையன்.

நாங்கள் இரண்டு பேரும் டீக்கடைக்கு வந்தோம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஓய், ஒண்ணும் பேசாதியும். செயின் அப்படியே இருக்கட்டும். நாளைக்கு அந்த ஆளு ஏறி லிவரை இழுக்கட்டும். பத்தடி போகுமா?"

"போவாது. முறியும்."

"முறியட்டும்! எல்லாரும் பாக்க முறியட்டும். அப்போ காலைப் பிடிச்சுக் கெஞ்சிட்டு உம்மகிட்டதான வரணும்? வேற பின்னு என் கடையில இருந்து நானே எடுத்துத் தாரேன். மாட்டும், ஏறும், ஓட்டும். ராகேல் பாக்கட்டும்."

அவர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ பத்து மணிக்கு வந்துருவா. புதுச்சட்டை எடுத்து வச்சிருக்கா எனக்கு," என்றார். டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். சம்மதித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு யார்டுக்குப் போனேன். வேண்டிக்கொண்டது என்னவென்று சொல்ல மாட்டேன், பிள்ளையாருக்குத் தெரியும். பந்தல், மைக், பிளாஸ்டிக் நாற்காலி, பேப்பர்காரர்கள் இரண்டு பேர். பெரிய புள்ளி ஒருவர் வந்து நடுவில் உட்கார்ந்திருந்தார். மாலைகள் மேசைமேல் இருந்தன. நான் முதல் வரிசையில் நல்ல இடமாகப் பிடித்துக்கொண்டேன், வேடிக்கை பார்க்க.

தங்கப்பன் பந்தல் ஓரத்தில் நின்றார். புது வெள்ளைச் சட்டை. அதில் நெஞ்சிலிருந்து வயிறுவரை கறுப்புக் கிரீஸ். எனக்கு வந்ததே கோபம். அவள் ஆசையாக எடுத்துக்கொடுத்த சட்டையை ஒரு காலைக்குக்கூடச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாத ஜென்மம். ராகேல் இன்னும் வந்திருக்கவில்லை. பத்தரை ஆகியும் காணோம்.

செயினுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. யார் வைப்பது என்று முழித்தார்கள். தங்கப்பன்தான் வந்து இரண்டு பக்கமும் வைத்தார். "நீரு சர்ச்சுக்குப் போறவராச்சே?" என்று கேட்டேன். "எனக்குப் பழக்கமில்ல அண்ணாச்சி. வண்டிக்குப் பழக்கம்," என்றார்.

ஹரிகுமார் சார் மஞ்சள் ஹெல்மெட்டோடு ஏறினார். இன்ஜின் பிடித்தது. லிவரை இழுத்தார். நான் நாற்காலி நுனிக்கு வந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. டோசர் நகர்ந்தது. பத்தடி. இருபதடி. முனகல் இல்லை, கிறீச்சென்ற சத்தம் இல்லை. ஐம்பதடி. மேடைச் சரிவில் ஏறி, எழுபதாவது அடியில் நின்றது. கைதட்டல், பட்டாசு, மாலை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எழுந்து போய்ச் செயினைப் பார்த்தேன்.

நடுவில் தொய்வு. இரண்டு விரல், இரண்டு பக்கமும்.

பிறகுதான் அந்தச் சட்டையின் அர்த்தம் விளங்கியது. இறுகிய செயினைத் தளர்த்த ஒரு வால்வு உண்டு. அதைத் திறந்தால் உள்ளே அடைபட்ட கிரீஸ் பீய்ச்சிக்கொண்டு வரும், ஆளையே அடித்துவிடும். எல்லாரும் வருவதற்கு முன்பே வந்து, மண்ணில் படுத்து, வால்வைத் திறந்திருக்கிறார் இந்த மனிதன். தனக்கு வர இருந்த ஒரே ஒரு வாய்ப்பைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டார்.

"ஏன் ஓய், அறிவு இருக்கா உமக்கு?" என்று பல்லைக் கடித்தேன். "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"முறிஞ்சா வண்டிக்கில்லா வலிக்கும் அண்ணாச்சி. அது என்ன செஞ்சுது?"

அதற்குள் பிரஜின் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். ட்ரோன் படத்தில் செயின் தொங்குகிறதாம். ஹரிகுமார் சார் மாலையோடு வந்தார்.

"யாரா இது அழிச்சது?" செயினைத் தளர்த்தியது யார் என்று கேட்கிறார்.

"நானாக்கும் சாரே."

"ஞான் பறஞ்சதல்லே, தொடண்டா எந்நு? இனி ஈ வண்டி தொடண்டா. மனசிலாயோ?"

பேப்பர்காரர்கள் முன்னால், பெரிய புள்ளி முன்னால், இனி வண்டியையே தொடக்கூடாது என்று ஒரு திருடனிடம் பேசுவது மாதிரி சொன்னார். "இவர் தொடலைன்னா இன்னைக்கு உங்க மானம் மண்ணுல உருண்டிருக்கும்" என்று நான் வாயைத் திறந்தேன். "இவர் தொடலை..." என்பதோடு நின்றது. தங்கப்பன் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்திவிட்டார். சரியென்று தலையாட்டினார். அவர்கள் பிரியாணி வண்டியைப் பார்த்துப் போய்விட்டார்கள்.

ராகேல் அப்போதுதான் வந்தாள். கேட்டிலிருந்தே அரை ஓட்டமாக வந்தாள், முகமெல்லாம் வியர்வை. பாப்பனங்கோட்டில் ரோட்டைத் தோண்டிப்போட்டு ஒரு மிஷினைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறார்களாம், ஒரு மணி நேரம் பஸ் நகரவில்லையாம். பட்டுச்சேலை. தலையில் பூ. அவள் வெளியே எதற்கும் பூ வைத்து நான் பார்த்ததில்லை. மேடைமேல் ஏறி நிற்கிற டோசரைப் பார்த்தாள். அதன் சீட் காலியாக இருந்தது. பிறகு புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் கேட்காமல் என்னிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, முடிஞ்சுபோச்சா? இவிய ஓட்டுனாவளா?"

இந்த வாய்க்கு ஒருநாளும் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கடையில் துருப்பிடித்த ஆணியைக்கூடத் துருப்பிடித்தது என்று சொல்லித்தான் விற்பேன்.

"ஓட்டினாரு," என்றேன். "எழுபதடி. ஒரு சத்தம் கேக்கலை. நான் முதல் வரிசையில உக்காந்து கண்ணால பாத்தேன்."

தங்கப்பன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அதானே சட்டையில இந்தக் கோலம்!" என்று ராகேல் இரைந்தாள். "புதுச்சட்டை, மனுசா! ஒருநாளு போட்டாவளா? இவியளுக்கு ஒரு பொருளு வாங்கிக் குடுக்கக் கூடாது." திட்டிக்கொண்டே முந்தானையால் துடைக்கப் போனாள். துணி கிரீஸில் படுவதற்கு முன்பு கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அந்தக் கறையையே பார்த்தாள்.

"வேண்டாம், இருக்கட்டு," என்றாள். "இத இப்பம் அலக்கப்பிடாது. அக்கா பாக்கட்டு."

பிரியாணிக்கு நிற்கவில்லை. மூன்று பேரும் நடந்து கரமனை பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். களியக்காவிளை பஸ்ஸில் இடம் இருந்தது. ஜன்னலோரம் போய் உட்காரப் போனவரை அவள் விடவில்லை. தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாரும் பார்க்கிற மாதிரி, அவரை நடைவழிப் பக்கம் உட்கார வைத்தாள்.